நடுரோட்டில் மெக்கானிக் ஆவது எப்படி?

பட்டறை வைக்க இடம் வேண்டும், அட்வான்ஸ் வேண்டும், த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும், தலைக்கு மேலே ஒரு தகரக் கூரையாவது வேண்டும். நடமாடும் மெக்கானிக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கிருஷ்ணகிரியில் ஆரம்பித்து சேலம், நாமக்கல், கரூர் வரை தேசிய நெடுஞ்சாலை 44 முழுக்க அவர் பட்டறைதான். வாடகை கிடையாது. கூரையும் கிடையாது.

தொழிலுக்குக் கிராக்கி இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லிலும், போர்வெல் ரிக் வண்டிகள் நாடு முழுக்கக் கிளம்பிப் போகும் திருச்செங்கோட்டிலும், சங்ககிரியிலும் லாரி சம்பந்தம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருந்த காலத்தில் முதலாளியே பாதி மெக்கானிக். இப்போது நூறு வண்டி, இருநூறு வண்டி வைத்து நடத்தும் கம்பெனிகளில், ஒரு டயரைக்கூடத் தொட்டுப் பார்க்காதவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறார்கள். திரையில் பச்சைப் புள்ளி நகரும் வரை உங்கள் ஞாபகம் யாருக்கும் வராது. புள்ளி சிவப்பானதும் போன் அடிக்கும்.

உங்களிடம் இருக்க வேண்டியது ஐ.டி.ஐ. சர்டிபிகேட் ஒன்று, அல்லது யாராவது ஒரு மேஸ்திரியிடம் சில வருஷம் ஸ்பானரால் அடி வாங்கிய அனுபவம். கூடவே ஒரு பழைய ஓம்னி. அந்த ஓம்னி வழியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் வண்டி ரிப்பேரானால் உதவிக்கு யாரும் நிற்க மாட்டார்கள். போட்டோ எடுக்க மட்டும் நிற்பார்கள்.

கீழே சொல்லியிருப்பதை வரிசையாகப் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. வண்டிகளும் வரிசையாக நிற்பதில்லை.

போன் வந்ததும்

வண்டிக்கு என்ன ஆச்சு என்பது இரண்டாவது கேள்வி. வண்டி எங்கே நிற்கிறது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"எங்கீங்கண்ணா நிக்கறீங்க?"

"ரோட்டு மேலதானுங்க."

"எந்த ரோடுங்க?"

"சேலம் ரோடுங்க."

தர்மபுரியிலிருந்து வந்தாலும் சேலம் ரோடு, கரூரிலிருந்து வந்தாலும் சேலம் ரோடு, கோயமுத்தூரிலிருந்து வந்தாலும் சேலம் ரோடு. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு டீக்கடை, ஒரு புளியமரம் என்று பதில் வரும். வாட்ஸ்அப்பில் லொகேஷன் போடச் சொன்னால் போடுவார். அது போட்ட நேரத்தில் சரியான இடம்தான். அதற்கப்புறம் வண்டி என்ன நினைத்ததோ ஸ்டார்ட் ஆகியிருக்கும், அவரும் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருப்பார், மறுபடி நின்றிருக்கும். அதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். எப்படியும் வருகிற வழிதானே என்று நினைத்திருப்பார்.

ஆகவே லொகேஷனை நம்பாதீர்கள். பக்கத்துக் கிலோமீட்டர் கல் வரைக்கும் நடந்துபோய் நம்பரைப் படிக்கச் சொல்லுங்கள். மறக்காமல் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். நாலு வழிச் சாலைக்கு நடுவில் தடுப்பு இருக்கிறது, அதில் அரளி பூத்திருக்கிறது. இதைக் கேட்காமல் கிளம்பினால், அரளிக்கு அந்தப் பக்கம் உங்கள் லாரி நிற்பது நன்றாகத் தெரியும். டிரைவர் துண்டை வீசிக் காட்டுவார். நீங்களும் கையை ஆட்டிவிட்டு அடுத்த திருப்பம் எங்கே வருமோ அதுவரை போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டால் "ஓடலீங்க" என்பார்கள். துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். செல்ஃப் சுத்துதா? சுத்தியும் ஸ்டார்ட் ஆகலையா? ஏர் மீட்டர் எவ்வளவு காட்டுது? லைட் மஞ்சளா, சிவப்பா? கடைசிக் கேள்விக்கு "ரெண்டும் இருக்குதுங்க, நடுவுல ஒரு பச்சையும் மின்னுது" என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

இதற்குள் ஆபீசிலிருந்தும் போன் வந்திருக்கும். "சின்ன வேலைதான், பாத்துட்டு உடனே எடுத்து விடுங்க" என்பார்கள். வண்டியிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஏ.சி. அறையில் இருப்பவருக்கு அது சின்ன வேலை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். வேலை எவ்வளவு சின்னதோ பில்லும் அவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

போய்ச் சேர்ந்ததும்

வண்டியைப் பார்க்காதீர்கள். வண்டிக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வேப்பங்கிளையும் நாலைந்து கல்லும் இருக்கும். இரவில் எண்பதில் வரும் பஸ்காரருக்கு வேப்பங்கிளை எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பதை அந்த இடத்தில் நின்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். வண்டியோடு கம்பெனி கொடுத்த சிவப்பு முக்கோணம் டிரைவர் சீட்டுக்கு அடியில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும். "வீணாப் போயிரும்னு எடுத்து வச்சிருக்கறனுங்க" என்பார். அதை எடுத்து, உறையைப் பிரித்து, ஐம்பது அறுபது அடி வைத்தால் போதும் என்று அவர் சொல்வதைக் கேட்காமல் நன்றாகத் தள்ளி வையுங்கள். உங்கள் ஓம்னியை லாரிக்குப் பின்னால் ஹசார்டு லைட் போட்டு நிறுத்துங்கள். முன்னால் நிறுத்தினால் ஓம்னி பிழைக்கும்; நீங்கள் பிழைப்பது சந்தேகம்.

வேலை முடிந்து கிளம்பும்போது அந்தக் கற்களை எடுத்து ஓரமாகப் போடுவதும் உங்கள் வேலைதான். லாரி போய்விடும், கற்கள் மட்டும் ரோட்டில் அப்படியே இருக்கும், விடியற்காலையில் பால் வண்டிக்காரர் மொபெட்டில் வருவார். இந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

டிரைவரை விசாரிப்பது

அண்ணா என்று கூப்பிடுங்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் அண்ணாதான். பீகார், ஜார்க்கண்ட் பக்கத்து டிரைவராக இருந்தால் அவரே உங்களை "உஸ்தாத்" என்பார். நீங்களும் திருப்பி உஸ்தாத் என்று சொல்லிவிட்டால் மொழிப் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்குக் கை இருக்கிறது. ஏர் லீக் ஆகிறது என்பதை வாயால் சத்தம் செய்தே எந்த மாநிலத்துக்காரரிடமும் சொல்லிவிடலாம்.

"ஏதாச்சும் கழட்டினீங்களாண்ணா?"

"தொடவே இல்லீங்க."

சொல்லும்போது சட்டைப் பாக்கெட்டைக் கவனியுங்கள். உள்ளே கனமாக ஏதாவது தொங்கும். பீடிக்கட்டு அவ்வளவு கனம் இருக்காது. அது பன்ஜோ போல்ட்டாகவும் இருக்கலாம், ஃபில்டரின் வாஷராகவும் இருக்கலாம். கோபப்படக் கூடாது. பழைய வண்டி ஓட்டிய கை அது. டீசலில் ஏர் பிடித்தால் இன்ஜெக்டர் நட்டை லூஸ் பண்ணி, செல்ஃப் அடித்து, ஏரை வெளியே தள்ளி, நாலே நிமிஷத்தில் வண்டியை எடுத்தவர். காமன் ரெயில் இன்ஜினில் அந்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். ஊசித் துவாரம் வழியாக வரும் டீசல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வண்டியை மாற்றிக் கொடுத்தவர்கள் சாவியோடு ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். அது இங்கிலீஷில் இருக்கிறது. முக்கோணம் இருந்த அதே சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

கேபினைத் தூக்க வேண்டி வந்தால், அவசரப்பட்டு ஜாக்கியை அடித்துவிடாதீர்கள். இந்தக் காலத்து லாரியில் இன்ஜின் கேபினுக்கு அடியில் இருக்கிறது. கேபின் முன்பக்கமாகக் கவிழ்ந்தால்தான் மேலே இருந்து கை வைக்க முடியும். ஆனால் கேபின் என்பது ஒரு வீடு. அதில் ஐந்து லிட்டர் குக்கர் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, புளித் தண்ணீர் ஊற்றிய பாட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி, சார்ஜரில் போன், காணிக்கைச் சில்லறை போட்ட டப்பா, முருகன் படம், அதற்கு நேற்றுப் போட்ட மல்லிகைச் சரம் எல்லாம் இருக்கிறது. "சாமானெல்லாம் எடுத்துட்டீங்களாண்ணா?" என்று கேளுங்கள். "எடுத்தாச்சுங்க" என்பார். நீங்களே ஏறி ஒரு முறை பார்த்துவிடுங்கள். பார்க்காமல் தூக்கினால் முதலில் சில்லறை உருளும் சத்தம், அடுத்து குக்கர் முன்கண்ணாடியில் மோதும் சத்தம் கேட்கும். கண்ணாடியில் விரிசல் விழுந்தால் அது உங்கள் கணக்கு. புளித் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இறங்கினால் நீங்கள் வந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கும். தூக்கிய பிறகு தாங்கு கம்பியை மாட்டாமல் அடியில் தலையை நீட்டாதீர்கள். ஹைட்ராலிக் ஜாக்கியையும் ஆபீஸ் சர்வீஸ் பண்ணியிருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

யூரியா விவகாரம்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகள்தான் புதிதாகப் பதிவாகின்றன. நான்கிலிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்குப் போனோம். நடமாடும் மெக்கானிக்கின் பிழைப்பில் பாதி இந்தத் தாண்டலில் இருக்கிறது. லாரியில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க் வந்தது. அதில் ஊற்றுவது 32.5 சதவீதம் யூரியா கலந்த, கனிமம் எல்லாம் நீக்கிய சுத்தமான தண்ணீர். புகைக் குழாய்க்குள் இதைப் பீய்ச்சினால் நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். டேங்க் காலியானாலோ, உள்ளே இருப்பது மட்டமாக இருந்தாலோ சென்சார் கண்டுபிடித்து மஞ்சள் லைட் போடும். நீங்கள் கண்டுகொள்ளாவிட்டால் இழுவையைக் குறைக்கும். அப்போதும் கண்டுகொள்ளாவிட்டால் ஊர்ந்துதான் போக விடும்.

இவ்வளவு நேர்மையான ஒரு பொருளை நம் ஊர் ரோட்டில் விட்டதுதான் கோளாறு. டிரைவர்கள் இதை யூரியா என்கிறார்கள். யூரியா என்றால் வயலுக்குப் போடுவதுதானே, அதைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். வயல் யூரியாவுக்கு அரசு மானியம் உண்டு. அதை இதற்குத் திருப்புவது குற்றம். தவிர 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் அந்த யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. பூச்சிக்கு ஆகாத வேம்பு லாரிக்கு மட்டும் ஆகுமா? மலிவாகக் கிடைத்தது என்று பெயரில்லாத கேனில் வாங்கியதும் உண்டு. கேனில் பாதி காலியானதும் போர்வெல் தண்ணீர் விட்டு நிரப்பியதும் உண்டு.

நீங்கள் போகும்போது வண்டி ஒரு மேட்டுக்கு முன்னால் நிற்கும். டிரைவர் "பிக்கப்பே இல்லீங்க" என்பார். ஸ்கேனரை மாட்டினால் எரர் கோட் வரும். அந்த யூரியாவைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பாருங்கள்: வாயைச் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக உப்புப் பூத்திருக்கும். கம்பியால் சுரண்டக் கூடாது. சுரண்டினால் துவாரம் பெரிதாகி நாசில் போய்விடும். வெந்நீர் போதும், தானாகக் கரையும். வெந்நீருக்கு டீக்கடைக்குப் போங்கள். "சுடுதண்ணி ஒரு சொம்பு வேணும்" என்றால் மாஸ்டர் "எதுக்கு?" என்பார். லாரிக்கு என்று சொல்லாதீர்கள், முகத்தைச் சுளிப்பார். ரெண்டு டீ சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். சொம்பில் நாசிலைப் போட்டால் சுற்றிலும் இருக்கும் வெள்ளை மெல்ல மெல்ல நெகிழ்ந்து பால் மாதிரி கலங்கும், அடியில் பளபளவென்று உலோகம் தெரிய ஆரம்பிக்கும். இந்தத் தொழிலில் கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சி இது ஒன்றுதான். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்முன் நன்றாகக் கழுவிக் கொடுங்கள்.

டேங்கில் இருப்பதைக் கீழே வடித்துவிட்டு நல்ல கேன் வாங்கி ஊற்றிய பிறகு முதலாளியிடமிருந்து போன் வரும். இந்தச் சென்சாரை ஏமாற்ற ஏதோ ஒரு சின்னப் பெட்டி விற்கிறதாமே, அதை மாட்டிவிட்டால் யூரியா செலவே இருக்காதாமே என்று ரகசியக் குரலில் கேட்பார். அது சட்டவிரோதம். நேராக அப்படிச் சொன்னால் "அது தெரியும்ங்க, மாட்டுவீங்களா?" என்பார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

காற்று

லாரியைக் காற்றுதான் நிறுத்துகிறது, காற்றுதான் நகரவும் விடுகிறது. கார் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். பின் சக்கர பிரேக் சேம்பருக்குள் கனமான ஸ்பிரிங் இருக்கிறது. அதைக் காற்று அழுத்தி வைத்திருக்கும் வரை பிரேக் விட்டிருக்கும். காற்று சுமார் 5, 6 பாருக்குக் கீழே இறங்கினால் ஸ்பிரிங் வென்றுவிடும், சக்கரம் தானாகவே பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புக்கென்றே செய்த ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாடு சுங்கச்சாவடி வரிசையில் வேலை செய்தால், பின்னால் நிற்பவர்கள் அதைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

லீக்கைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, டிரைவரைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றி நடங்கள். உஸ் என்று கேட்கும். சத்தம் வந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் கிளம்பும். டிரைவரைப் பேசாமல் இருக்கச் சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி.

லீக் எங்கே என்பதைவிட ஏன் என்று பார்த்தால் தொழிலின் சூட்சுமம் புரியும். கம்ப்ரஸர் இழுக்கிற காற்றில் ஈரம் இருக்கிறது. அதை உறிஞ்சத்தான் ஏர் டிரையரில் ஒரு கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். காலம் போனால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தண்ணீர் டேங்குக்குப் போகும், டேங்கிலிருந்து வால்வுக்குப் போகும், வால்வில் துரு ஏறும், ஓ ரிங் வெடிக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றச் சொல்லிப் போன தடவை சர்வீஸ் சீட்டில் எழுதியிருப்பார்கள். எதிரே "அடுத்த சர்வீஸில்" என்று ஆபீஸ் கையெழுத்து இருக்கும். டிரைவர் காலையில் டேங்க் அடியிலிருக்கும் டிரெயின் வால்வை இழுத்துத் தண்ணீரை விட்டிருந்தாலாவது தப்பித்திருக்கும். அவர் அதை விடுவதில்லை. கேட்டால் "காத்து வீணாப் போயிருதுங்க" என்பார். அதுவும் முக்கோணம் மாதிரிதான்.

ஸ்பிரிங்கைக் கையால் விடுவிக்க நீள போல்ட் ஒன்று இருக்கிறது. வண்டி சரிவில் நிற்கிறதா என்று பார்த்து, டயருக்குக் கட்டை வைத்த பிறகுதான் அதைத் திருக வேண்டும். டயருக்கு அடியில் ஏற்கெனவே ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். அதைக் கட்டையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். அந்த இறக்கத்தில் லாரிகள் ஒன்றோடொன்று மோதி எரிந்த செய்திகளைப் படிக்காதவர் இந்தப் பக்கம் இருக்க முடியாது. நியூட்ரலில் இறக்காதே, கியரில் வா என்று போலீசும் மைக் வைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் கூட வேலை செய்யும். நியூட்ரலில் போட்டால் மொத்தப் பாரமும் பிரேக் லைனர்மேல் இறங்கும். டிரம் சூடேறும், லைனர் புகையும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. பாதி டிரைவர்களுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் நியூட்ரல்? ஆபீசில் மைலேஜ் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. எந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்று மாதக் கடைசியில் பார்ப்பார்கள். குறைந்தால் டிரைவர் கணக்கில் பிடிப்பார்கள். கியரில் இறங்கும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் இன்றைய இன்ஜின் டீசலையே நிறுத்திவிடுகிறது, உண்மையில் நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் போகிறது. இதை மைலேஜ் சீட்டு போடுகிறவருக்கும் யாரும் சொல்லவில்லை, டிரைவருக்கும் சொல்லவில்லை. ஆகவே இருவரும் சேர்ந்து, சேமிக்காத டீசலைச் சேமிப்பதற்காக, மலையிலிருந்து வண்டியை உருட்டி விடுகிறார்கள்.

உங்களுக்குப் போன் வரும்போது அடிவாரத்தில் வண்டி புகைந்துகொண்டு நிற்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். நீங்கள் சொல்லும்போது பின்னணியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

படிவம் நிரப்புவது

வேலை முடிந்ததும் ஸ்பானரைப் பையில் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் பழைய ஆட்கள். இப்போது கம்பெனியின் ஆப்பில் டிக்கெட்டை மூட வேண்டும். வேலைக்கு முன் ஒரு போட்டோ, பின் ஒரு போட்டோ, ஓடிய கிலோமீட்டர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, கழற்றிய பழைய பொருளோடு ஒரு போட்டோ, வண்டி நம்பர் தெரிகிற மாதிரி நீங்களும் வண்டியும் சேர்ந்து ஒன்று. உங்கள் கல்யாண ஆல்பத்தில் இதைவிடக் குறைவாகத்தான் நீங்கள் இருப்பீர்கள். முன் போட்டோ எடுக்க மறந்துவிட்டீர்களா? கவலை வேண்டாம், கழற்றியதை மறுபடி மாட்டி எடுக்கும் வழக்கம் ஊரில் இருக்கிறது.

அப்புறம் ஓ.டி.பி. அது வண்டி முதலாளியின் போனுக்கோ, மேலாளரின் போனுக்கோ போகும். இரவு இரண்டு மணிக்கு ஒரு ஃபேன் பெல்ட் மாற்றியதற்கு மனிதர் எழுந்து நாலு நம்பர் சொல்ல வேண்டும். சொல்வார். கூடவே மற்ற நம்பர்களையும் சொல்வார்.

ஓ.டி.பி.க்கு முன்னால் ஒரு கட்டம் வரும்: பழுதுக்கான காரணம். தொட்டால் மூன்று தேர்வுகள் விரியும். "இயல்பான தேய்மானம்." "ஓட்டுநர் கவனக்குறைவு." "மற்றவை." இதில் கை தடுமாறும். கார்ட்ரிட்ஜை இரண்டு சர்வீஸுக்கு முன்பே மாற்றச் சொல்லியிருந்தது உங்களுக்குத் தெரியும். மலிவான கேன் எந்த ஆபீஸின் உத்தரவில் வந்தது என்பதும் தெரியும். அதற்கான கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. படிவத்தை உருவாக்கியவர்களிடம் கேட்டால் அப்படி ஒரு காரணம் இதுவரை பதிவாகவே இல்லையே என்பார்கள். தேய்மானம் என்று போட்டால் பொருளின் கேரண்டி போகும். கவனக்குறைவு என்று போட்டால் எதிரே நின்று உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். "மற்றவை"யைத் தொடுங்கள். எல்லாரும் அதைத்தான் தொடுகிறார்கள். வருஷக் கடைசியில் ஆபீசில் ஒரு கூட்டம் போடுவார்கள், நம் வண்டிகளின் பழுதுகளில் பெரும்பகுதி "மற்றவை"யால் வருகிறது என்று திரையில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள், அதைக் குறைக்க ஒரு குழு அமைப்பார்கள்.

பணம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பில் ஜி.எஸ்.டி.யோடு போட வேண்டும். உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள்; சிறு தொழில் செய்பவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாற்பத்தைந்தாவது நாள் போன் செய்தால் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் லீவில் இருப்பார். சட்டத்தில் அவர் லீவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பிரேக்டவுன் போன் வரும்போது பழைய பாக்கியைக் கேட்கலாம். வண்டி ரோட்டில் நிற்கும் அந்த அரைமணி நேரம்தான் உங்கள் சொல்லுக்கு மதிப்பு. வண்டி ஸ்டார்ட் ஆனதும் மதிப்பு இறங்கிவிடும். பாக்கி கைக்கு வராமல் இன்ஜினை உறும விடாதீர்கள்.

ஏ.சி. கேபின்

2025இலிருந்து புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நாற்பது டிகிரி வெயிலில் இன்ஜினுக்கு மேலே உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு இது வெகுகாலம் தாமதமாக வந்த நியாயம். உங்களுக்கு இது ஒரு புது விதப் போன். "வண்டி ஓடுதுங்க, கூலிங் மட்டும் இல்லீங்க." ஆபீசைக் கேட்டால் ஏ.சி. பிரேக்டவுனில் சேராது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். சர்வீஸ் சென்டரில் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். அடுத்த வாரம் வண்டி குவாஹாத்தியில் இருக்கும்.

இதனால் வந்த புது ஆபத்து ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது, மேலே டிரைவர் வெயில் தாங்காமல் இன்ஜினைப் போட்டு ஏ.சி.யில் உட்கார்ந்துவிடுவார். உங்கள் கை ஃபேன் பெல்ட் பக்கத்தில் இருக்கும். ஆகவே வேலை தொடங்குமுன் இன்ஜினை நிறுத்தி, அவரை இறக்கி, சாவியை வாங்கி உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணா கோபித்துக்கொள்வார். மரத்தடியில் பாய் போட்டுக் கொடுங்கள்.

சாவியை எடுத்த ஐந்தாவது நிமிஷம் அவருடைய போன் அடிக்கும். இன்ஜின் அணைந்ததும் ஜி.பி.எஸ். பெட்டி "அனுமதியற்ற நிறுத்தம்" என்று ஆபீசுக்குச் சொல்லியிருக்கும். அவர் போனை வண்டிக்கு அடியில் உங்களிடம் நீட்டுவார், கிரீஸ் கையோடு வாங்கிக் காதில் வைப்பீர்கள்.

"வண்டி ஏன் நிக்குது?"

"ரிப்பேருங்க. நீங்கதான வரச் சொன்னீங்க."

"அப்படியா? டிக்கெட் நம்பர் என்ன?"